மாமாங்கப் பாக்கி

உலகத்தில் தாத்தாக்கள் இரண்டு வகைப்படுவார்கள். பேரப் பிள்ளைகளைக் கண்டதும், "சத்தம் போடாதே!" என்று அதட்டுகிறவர்கள் ஒரு வகை. பேரப் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டு சத்தம் போட்டு, வீட்டிலுள்ள மற்றவர்களிடம் தாங்களே அதட்டு வாங்கிக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைத் தாத்தாக்களால்தான் குடும்பங்களின் மானமும் மரியாதையும் நிலைத்து நிற்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களுடைய படங்கள் கூடத்தில் பெரிதாக மாட்டப்பட்டிருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை மாலையும் விழும். ஆனால் ஒரு மனிதர் இறந்து அறுபது வருஷம் ஆகப் போகிற சமயத்திலும், அவரை நினைத்தவுடனே சிரிப்பு வருகிறது என்றால், அவர் இரண்டாவது வகையைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

என் தாத்தா இரண்டாவது வகை.

கும்பகோணத்தில் ஒரு நெல் மண்டியில் அவர் 38 வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தார். நான் அவரை அறிந்தபோது வேலையிலிருந்து நின்றுவிட்டார். ஆனாலும் வலது காதில் செருகிய பென்சில் மட்டும் அப்படியே இருந்தது. குளிக்கும்போது எடுத்துப் பிறையில் வைப்பார். தலை துவட்டியதும் மறுபடி காதுக்குப் போய்விடும். "மற்றவர்களுக்கெல்லாம் முதலாளி பென்ஷன் கொடுப்பார். எனக்குப் பென்சில் கொடுத்தார்" என்று சொல்லிச் சிரிப்பார். மண்டியில் நெல் அளக்கிறவர்கள் "ஒன்று" என்று ஆரம்பிப்பதில்லை; "லாபம்" என்று ஆரம்பித்து, பிறகுதான் இரண்டு, மூன்று என்று போவார்கள். தாத்தாவுக்கு அந்தப் பழக்கம் உடம்போடு ஊறிவிட்டது. வெற்றிலையை எண்ணினாலும், வாசலில் போகிற மாட்டு வண்டிகளை எண்ணினாலும், "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவார். ஒரு நாள் பல் விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "லாபம்!" என்றார். அப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்பாயிக்கும் அவருக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பல்லாங்குழி நடக்கும். பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு குழி. ஒரு குழியில் நாலு காய் சேர்ந்துவிட்டால் அதற்குப் 'பசு' என்று பெயர். எவர் பக்கத்துக் குழியோ அவர் அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். தாத்தா தம் பக்கத்துப் பசுவை எடுத்துக்கொள்வதோடு நிற்க மாட்டார். "இது என் பசு. உன் தொழுவத்திலே மேயப் போயிருந்தது" என்று சொல்லி, அப்பாயி பக்கத்துப் பசுவின் மேலும் கை வைப்பார். "இந்த மனுஷருக்கு வயசாக ஆகப் புத்தி கெட்டுப் போச்சு" என்பாள் அப்பாயி. "கெட்டுப் போகணும்னா முதல்லே அது இருந்திருக்கணுமே!" என்பார் தாத்தா. இந்த வசனங்கள் மாறியதாக எனக்கு ஞாபகம் இல்லை. தினந்தோறும் அதே நாடகம். தினந்தோறும் இருவரும் புதிதாகக் கேட்பது போலக் கேட்பார்கள்.

இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் தாத்தா கணக்கு எழுதி வந்தார். உண்மையான கணக்கு! மண்டியில் வீணாய்ப் போன ஒரு நீளப் பேரேட்டைக் கொண்டுவந்து, பிள்ளையார் சுழி போட்டு, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். பற்று ஒரு புறம், வரவு ஒரு புறம். அப்பாயியின் பக்கத்தில், "பசு பற்று 3" என்று இருக்கும். தங்கையின் பக்கத்தில், "கண்ணாமூச்சியில் கண்டுபிடித்த வகையில் வரவு 1" என்று இருக்கும். தபால்காரருக்கும், முடிவெட்ட வருகிற கிழவருக்கும்கூடப் பக்கம் உண்டு. தபால்காரர் ஒரு தரம் விடுகதைக்குப் பதில் சொல்ல முடியாமல் போனார். அந்தப் பாக்கி பல மாதம் தீரவில்லை. கடிதம் இல்லாத நாளிலும் அவர் எங்கள் திண்ணையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "பிள்ளைவாள், விடை இதுதானே?" என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போவார்.

நிற்க. தாத்தா படித்தது திண்ணைப் பள்ளிக்கூடத்தில். மணலில் விரல் தேய எழுதியவர். எங்களுக்கெல்லாம் கால், அரை, முக்கால் என்ற மட்டும்தான் பின்னம் தெரியும். அவருக்கு மாகாணி தெரியும். அது 16-இல் ஒன்று. மா தெரியும், அது 20-இல் ஒன்று. காணி என்பது 80-இல் ஒன்று; முந்திரி என்பது 320-இல் ஒன்று. முந்திரியை மறுபடி 320 கூறு போட்டால் கீழ்முந்திரி. அதாவது 1,02,400-இல் ஒன்று. தங்கை ஒரு நாள் அதிரசத்தில் பங்கு கேட்டபோது, "கீழ்முந்திரி தரட்டுமா?" என்று கேட்டார். முந்திரிப் பருப்பு என்று நினைத்து அவள் சந்தோஷமாகத் தலையை ஆட்டினாள். தாத்தா நகக் கண்ணால் ஒரு பொடியைக் கிள்ளி, "இதுவே ஜாஸ்தி" என்று அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அழ ஆரம்பித்ததும் முழு அதிரசமும் அவள் கைக்கு வந்தது. பேரேட்டில் அன்று, "கண்ணீர் வகையில் தள்ளுபடி" என்று ஒரு வரி ஏறியது.

காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' அவருக்கு வேதம். பலாப்பழத்தை வெட்டாமலே அதில் எத்தனை சுளை என்று கண்டுபிடிக்க அதில் ஒரு வழி சொல்லியிருக்கிறது. காம்பை ஒட்டியிருக்கிற சிறு முள்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். கோடைக் காலத்தில் பண்ருட்டிப் பழம் வண்டியில் வந்தபோது தாத்தா ஒன்றை வாங்கித் திண்ணையில் வைத்து, காதிலிருந்த பென்சிலை எடுத்தார். தெருப் பிள்ளைகள் எல்லாரும் கூடிவிட்டோம். 65 முள். ஆறால் பெருக்கினால் 390. ஐந்தால் வகுத்தால் 78. "எழுபத்தெட்டுச் சுளை. ஒன்று குறைந்தால் என் மீசையை எடுக்கிறேன்" என்று சபதம் செய்தார். பழத்தை அறுத்தோம். லாபம், இரண்டு, மூன்று என்று எண்ணினோம். 71-க்கு மேல் போகவில்லை. தாத்தா கொஞ்சமும் கலங்கவில்லை. "கணக்கு தப்பாது. இது பள்ளிக்கூடம் போகாத பழம்" என்றார். மீசை தப்பியது. பேரேட்டில் பலாப்பழத்துக்கும் ஒரு பக்கம் திறந்து, "பற்று: சுளை 7" என்று எழுதிவைத்தார். அடுத்த கோடையில் அதே வண்டிக்காரர் வந்தபோது பேரேட்டைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினார். வண்டிக்காரர் அந்தப் பக்கத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயா, முள்ளு என் கணக்கு. சுளை சாமி கணக்கு. அவரைக் கேளுங்க" என்றார். அந்தப் பதிலுக்காகத் தாத்தா அவருக்கு ஒரு தம்ளர் மோர் கொடுக்கச் சொன்னார்.

1957, ஏப்ரல் முதல் தேதி நயா பைசா அமலுக்கு வந்தது. நாற்பது வருஷமாக ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 தம்பிடி என்று கணக்குப் போட்டுப் பழகிய மனிதர். அவருக்கு இது பெரிய இடியாக இருக்கும் என்று ஊரில் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மண்டியிலிருந்த பழைய சிநேகிதர்கள் துக்கம் விசாரிப்பது போல வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். தாத்தாவோ, "முட்டாள்கள் தினமாகப் பார்த்து சர்க்கார் நாள் குறித்திருக்கிறது. விளையாட்டுத் தெரிந்த சர்க்கார்!" என்று மெச்சினார்.

அந்த மாற்றத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. ஓர் அணாவுக்கு 6 நயா பைசா. இரண்டு அணாவுக்கு 12. மூன்று அணாவுக்கு 19. நாலு அணாவுக்கு 25. தாத்தா எங்களில் நாலு பேரைக் கூப்பிட்டு ஆளுக்கு ஓர் அணா கொடுத்து, தெருக்கோடிக் கடையில் சில்லறை மாற்றி வரச் சொன்னார். ஆளுக்கு 6 கொண்டுவந்தோம். கூட்டிப் பார்த்தால் 24. அப்புறம் என்னிடம் ஒரு நாலணாக் காசைக் கொடுத்து அதே கடைக்கு அனுப்பினார். 25 வந்தது. "அந்த ஒரு காசு எங்கே போச்சு? கண்டுபிடிக்கிறவனுக்கு அதைத் தருகிறேன்" என்றார். நாங்கள் சட்டைப் பையையெல்லாம் உதறிப் பார்த்தோம். வந்த வழியெல்லாம் குனிந்து தேடினோம். கடைக்காரர் மேல் சந்தேகப்பட்டு அவரிடமே போய்க் கேட்டோம். கடைசியில் தாத்தா தங்கையின் காதுக்குப் பின்னாலிருந்து அந்தச் சின்னச் செப்புக் காசை எடுத்துக் கொடுத்தார். எனக்கு அந்தப் பதில் அப்போதும் திருப்தியாக இல்லை. 1964-இல் 'நயா' போய் வெறும் பைசா ஆயிற்று. 2011-இல் நாலணாக் காசே செல்லாமல் போயிற்று. கேள்வி மட்டும் என்னிடம் இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது.

தாத்தாவுக்கும் எனக்கும் பிரத்தியேகமான விளையாட்டு, ஆடு புலி ஆட்டம். திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போடுவார். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிக்குப் புளியங்கொட்டை, ஆட்டுக்குக் கூழாங்கல். புலி ஆட்டைத் தாண்டினால் வெட்டு. ஆடுகள் நெருக்கிப் புலியை நகர முடியாமல் செய்துவிட்டால் ஆட்டுக்கு ஜயம். தாத்தா எப்போதும் புலி. எப்போதும் திருட்டாட்டம். அவருக்கு இருமல் வந்தால் ஒரு கூழாங்கல் காணாமல் போகும். "அதோ பார், யானை!" என்பார். கும்பகோணத்தில் யானை வருவது அதிசயமில்லை. ஆகவே திரும்பிப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. திரும்பி வருவதற்குள் புலி இரண்டு கட்டம் நகர்ந்திருக்கும்.

நான் கண்டுபிடித்துக் கத்தினால் அவருக்கு வருகிற சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஜயித்தால்கூட அவருக்கு அத்தனை குதூகலம் இல்லை. "பயல் பார்த்துட்டான்! கண்ணிலே விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டால் முகம் வாடிப்போவார். அடுத்த திருட்டை இன்னும் பச்சையாகச் செய்வார். அவர் திருடியது ஜயிப்பதற்காக அல்ல, பிடிபடுவதற்காக என்பது பத்து வயதுக்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

பேரேட்டில் என் பக்கத்திலேயே மிகப் பெரிய கணக்கு 1956-ஆம் வருஷத்து மாமாங்கத்தன்று ஏறியது. எனக்கு அப்போது ஆறு வயசு. மாசி மகத்தன்று குரு சிம்ம ராசியில் இருக்கிற வருஷத்தில், சுமார் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற திருநாள். 'சுமார்' என்று ஏன் சொல்கிறேன் என்றால், குரு ஒரு சுற்றுச் சுற்றிவரப் பன்னிரண்டு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறார். "குருவே சில்லறைக் கணக்கில் கொஞ்சம் அப்படி இப்படித்தான்" என்பார் தாத்தா. குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களும் தலையாக இருந்தன. குளத்துக்குள் இருபது கிணறு என்றார்கள். எனக்குத் தெரிந்தது முழங்கால்கள்தான். தாத்தா என்னைத் தூக்கித் தோள்மேல் வைத்துக்கொண்டார். அறுபது வயது தாண்டிய தோள். அங்கிருந்து நான் உலகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். தண்ணீர், தலைகள், கோபுரம், வெயில் எல்லாம் எனக்குக் கீழே இருந்தன.

மூச்சிரைக்க வீட்டுக்கு வந்ததும் தாத்தா முதல் காரியமாகப் பேரேட்டை எடுத்தார். "பேரன் பற்று: மாமாங்கம் 1" என்று எழுதி என்னிடம் படித்துக் காட்டினார். "இது கடன். அடுத்த மாமாங்கத்துக்கு உனக்குப் பதினெட்டு வயசு. நீ என்னைத் தூக்கணும். வட்டி கிடையாது" என்றார். நானும் பெரிய மனிதனைப் போலச் சம்மதித்து, எழுதத் தெரியாததால் கட்டை விரல் ரேகை வைத்தேன். வெற்றிலைச் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து வைத்த சிவப்பு ரேகை.

1967, கோடையில் தாத்தாவுக்குப் பாரிசவாயு வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போயிற்று. எனக்குப் பதினேழு வயசு. தினம் காலையில் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கித் திண்ணையில் உட்காரவைப்பதும், வெயில் ஏறியதும் திரும்பத் தூக்கிவந்து படுக்கவைப்பதும் என் வேலை. முதல் நாள் தூக்கியபோது, இத்தனை லேசான மனிதரா என்று எனக்குத் தொண்டையை அடைத்தது. அவர் என் காதருகே வாயை வைத்து, கோணிய உதட்டால், "மாமாங்கத்துக்கு ஒத்திகையா?" என்று கேட்டார். இரண்டு தரம் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. "இதையே வரவு வச்சுக்குங்க, தாத்தா" என்றேன். கண்டிப்பாகத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். ஒத்திகை கணக்கில் சேராதாம்.

ஆடு புலி ஆட்டம் இடது கையால் நடந்தது. இருமல் இப்போது நிஜமாகவே வந்துகொண்டிருந்தது. அதிலும் சில கூழாங்கற்கள் காணாமல் போயின. "யானை" என்று சொல்ல வராது. கண்ணால் தெருவைக் காட்டுவார். நான் திரும்பிப் பார்ப்பேன். கத்துவேன். அந்தக் கோணல் சிரிப்பு வரும். அப்பாயி உள்ளேயிருந்து, "சீக்காளியாய்க் கிடந்தும் திருட்டு போகலையே!" என்று சொல்லுவாள், சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள். வெளியே நல்ல மழை. கட்டிலின் மேலேயே பலகையை வைத்துக்கொண்டு விளையாடினோம். ஆட்டம் நடுவில் இருந்தது. நான் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பி வெகு நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது எல்லாக் காய்களும் வைத்தது வைத்தபடி இருந்தன. தாத்தா ஒரு புலியை எடுத்தார். சட்டப்படி ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். கையை எடுத்துக்கொண்டு, உங்கள் முறை என்பது போல என்னைப் பார்த்தார், ஓர் அந்நிய மனிதரைப் பார்ப்பது போல மரியாதையாக. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் ஆட்டத்தை முடிக்கவில்லை. வெளியே போய் அப்பாவை ஆபீசிலிருந்து வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். வைத்தியர் காலையில்தான் வந்து பார்த்து, நாடி நன்றாகப் பேசுகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் விடியற்காலையில் தாத்தா போய்விட்டார்.

கருமாதி முடிந்த அன்று இரவு. உறவினர்கள் கூடத்தில் உட்கார்ந்து தாத்தாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் அத்தனை சிரிப்பு கூடாதுதான், என்ன செய்வது? ஒருவர் பலாப்பழத்தைச் சொன்னார். ஒருவர் பல் விழுந்ததைச் சொன்னார். அத்தை, தன் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்துவைத்தது மச்சினிகள் அல்ல, தாத்தாதான் என்பதைச் சொன்னாள். அப்பா மட்டும் தூணில் சாய்ந்து பேசாமல் இருந்தார். அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா; சாதாரணமாகவே அதிகம் பேசுகிறவர் அல்ல; முதல் வகைத் தாத்தாவாக ஆவதற்கு வேண்டிய சகல லட்சணங்களும் அப்போதே அவரிடம் பொருந்தியிருந்தன.

எல்லாரும் படுத்த பிறகு, அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு அப்பா அந்தப் பேரேட்டைப் புரட்டுவதைப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசி வரையில் ஒரு முறை. மறுபடி கடைசியிலிருந்து முதல் வரையில் ஒரு முறை. எதைத் தேடுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. அப்பாயிக்குப் பக்கம் இருந்தது. எனக்கு, தங்கைக்கு, அத்தைக்கு, அம்மாவுக்கு, தபால்காரருக்கு, பலாப்பழத்துக்குக்கூட இருந்தது. அப்பாவுக்கு இல்லை.

நான் விழித்திருப்பதைப் பார்த்துவிட்டார். "நீங்கள் எல்லாரும் சொல்கிற மனுஷரை எனக்குத் தெரியாது, தம்பி" என்றார். சற்று நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார். அவருக்கு எட்டு, பத்து வயதாக இருந்த காலம் 1930-ஐ ஒட்டிய வருஷங்கள். உலகம் முழுவதும் வியாபாரம் படுத்துவிட்டது. பர்மா அரிசி ஒரு பக்கம் வந்து குவிந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் நெல் விலை மளமளவென்று விழுந்தது. மண்டிகளில் வராத பாக்கிகள் மலைபோல் ஏறின. கணக்குப்பிள்ளை இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வருவார், விடிவதற்குள் போய்விடுவார். சம்பளம் பாதி வரும், அல்லது வராது. நடுவில் கைக்குழந்தை ஒன்று போயிற்று. "எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் காலடிச் சத்தம்தான். அது வாசலில் கேட்டதும் நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொள்வேன். அவர் வந்து விளக்கைத் தூக்கிப் பிடித்து என் முகத்தைப் பார்ப்பார். நான் விழித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். அவ்வளவுதான் நாங்கள் விளையாடியது."

கூடத்தில் எல்லாரும் சொன்னவற்றைக் கூட்டிப் பார்த்தால் 24-தான் வரும். பாக்கி ஒரு காசு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது என்பது அன்று இரவுதான் எனக்குத் தெரிந்தது. பிற்காலத்தில் தாத்தா எங்களுக்கு வாரி இறைத்த விளையாட்டெல்லாம் எந்த முதலிலிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. மகனுக்குச் சேர வேண்டியதைப் பேரப் பிள்ளைகள் அனுபவித்தோம். எந்தக் கோர்ட்டிலும் இதற்கு வியாஜ்யம் கிடையாது. பணம் இருந்தபோது கொடுக்க நேரம் இல்லாதவர்கள் உண்டு. தாத்தாவிடம் அப்போது இரண்டும் இல்லை. இரண்டில் ஒன்று கையில் வந்தபோது, மகன் மீசை முளைத்து ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தான். நாற்பது வயது மகனைப் பார்த்து, "அதோ பார், யானை!" என்று எந்தத் தகப்பன் சொல்ல முடியும்?

நாலு மாதம் கழித்து, 1968 மாசியில் மாமாங்கம் வந்தது. நானும் அப்பாவும் போனோம். எனக்குப் பதினெட்டு வயசு, நல்ல தோள். கூட்டத்தில் கிழவர்களைத் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளைகளை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். குளித்துவிட்டுப் படியேறும்போது அப்பா, "வாய்தாவுக்கு நாலு மாசம் முன்னாலே ஏமாற்றிவிட்டாரே!" என்றார். அப்பா வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மகள் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதானபோது ஒரு நாள் அப்பா பரணிலிருந்து எதையோ எடுத்துத் தூசி தட்டினார். பார்த்தால், அந்தப் பேரேடு. ரொம்பவும் கஷ்டப்பட்டு, புது மொழி கற்றுக்கொள்கிறவர் போல, அவர் விளையாட ஆரம்பித்தார். ஆரம்பத்தில் அவருடைய ஆட்டம் தாலுகா ஆபீஸ் ஆட்டமாகவே இருந்தது. விதி பிசகாது, சிரிப்பும் வராது. குழந்தை எழுந்து போய்விடும். ஒரு நாள் உள்ளே காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திண்ணையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. தொடர்ந்து, "தாத்தா திருடிட்டாரு! தாத்தா திருடிட்டாரு!" என்று குழந்தையின் கூச்சல். அதற்கும் மேலாக அப்பாவின் சிரிப்பு. தம்ளரைக் கையில் பிடித்தபடி வெகு நேரம் நின்றேன்.

1980 மாமாங்கத்தில் அப்பா அவளைத் தோளில் தூக்கினார். வீட்டுக்கு வந்து பேரேட்டில் எழுதினார். "பேத்தி பற்று: மாமாங்கம் 1." எழுதிவிட்டு, பக்கத்தைத் திருப்பி வேறொரு தாளில் தம் பெயரைத் தலைப்பாகப் போட்டு, கீழே ஒன்றும் எழுதாமல் மை உலர ஊதினார். அந்தப் பக்கம் இன்றும் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பேரேட்டில் அவருக்கு ஒரு பக்கம் இருக்கிறது.

அப்பாவும் இப்போது இல்லை. 2016-இல் மகளின் பிள்ளையை நான் தூக்கினேன். அவனுக்கு ஆறு வயசு, எனக்கு அறுபத்தாறு. தூக்கியது பத்தடி தூரம்தான். டாக்டருக்குத் தெரிந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது. இருந்தாலும் கணக்கு கணக்குதானே? எழுதி, படித்துக்காட்டி, கட்டை விரல் ரேகையும் வாங்கிக்கொண்டேன். அடுத்த மாமாங்கம் 2028-இல் வருகிறது. அவனுக்குப் பதினெட்டு, எனக்கு எழுபத்தெட்டு. பயல் இப்போதே என்னைவிட ஒரு சாண் உயரம். நான் மட்டும் வாய்தா வரையில் தாக்குப்பிடித்துவிட்டால், எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாக ஒரு பாக்கி வசூலாகிவிடும். அதற்காகவே தினமும் காலையில் ஒரு மைல் நடந்துகொண்டிருக்கிறேன்.